அறிக்கை எங்கே?
(தொண்டியில் ஆற்றிய உரை)



பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளிகளான தலித் பெற்றோரின் மகள் சாந்தி சவுந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். அடுத்து பாலினச் சோதனை, பதக்கம் பறிப்பு. சோதனை முடிவு பத்திரிகைக்குப் போச்சு. அறிக்கை தன் கைக்கு வரலைன்னு சாந்தி சொன்னார்.

ஊக்கமருந்து எடுத்தாரா? இல்லை. அப்புறம் எதுக்குத் தண்டனை?

ஒடிசாவின் டூட்டி சந்த் வழக்காடினார். அரசின் விளையாட்டு ஆணையம் துணை நின்றது. 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஹார்மோன் விதியையே நிறுத்திவைத்தது. சாந்திக்காக 2006இல் யார் வாதாடினார்கள்? 2012இல் அவரும் சூளையில்தான் நின்றார்.

நம்மை வெளியே நிறுத்திவச்சுத் தீர்ப்புச் சொல்வது ஊர்ப் பஞ்சாயத்து வழக்கம். விளையாட்டுச் சங்கமும் அதையே செய்தது. அறிக்கையைக் கொடு, பதக்கத்தைக் கொடு என்று நாமும் சேர்ந்து கேட்போம்.