பனியாறுகளைக் காண ஏற்ற கப்பலைத் தெரிதல்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பணியாற்றி வருகின்றனர். கோடைக் காலத்தில் பெற்றோரை வரவழைத்துச் சில மாதங்கள் உடன் வைத்திருந்து, அவர்கள் ஊர் திரும்புமுன் அலாஸ்காவின் பனியாறுகளைக் காட்டிவிட வேண்டும் என விரும்புகின்றனர். அன்பினால் எழும் இவ்விருப்பம் போற்றத்தக்கது. ஆயினும் அப்பயணத்திற்குரிய கப்பலைத் தெரிவு செய்யும்போது கட்டணமும், நீச்சல் குளமும், நாடக அரங்கும், உணவுக்கூடங்களின் எண்ணிக்கையுமே பெரும்பாலும் முன்னிற்கின்றன. வெப்பக் கடலில் உலவும் கப்பலுக்கு அவை பொருந்தலாம். குளிர்கடலுக்குச் செல்வோர் காண விழைவதோ கப்பலுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே, அக்கப்பல் எவ்விடம் செல்லும், நம் முதியோர் அதில் எங்கிருந்து காண்பர், அவர்தம் உடலுக்கும் உணவுக்கும் அது ஏற்றதா, அங்கு வாழும் உயிர்களிடம் அது எவ்வாறு ஒழுகும் என்னும் நான்கு கேள்விகளையே முதலில் கேட்க வேண்டும் என்பதை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, வழி. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டி எண்ணற்ற தீவுகள் அரண்போல் நிற்க, அவற்றினூடே அமைந்த கடல்வழிக்கு இன்சைடு பாசேஜ் என்று பெயர். கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் வான்கூவரிலிருந்தோ அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்தோ புறப்பட்டு ஏழு நாள் பயணம் செய்கின்றன. வான்கூவரிலிருந்து புறப்படுபவை வழக்கமாக வான்கூவர் தீவின் உட்புறமாகச் செல்வதால் அலை குறைவு. இருபுறமும் மலையும் காடும் காணக் கிடைக்கும். சியாட்டிலிலிருந்து புறப்படுபவையோ பெரும்பாலும் அத்தீவின் மேற்கே திறந்த பசிபிக் கடலில் செல்கின்றன. அங்கே அசைவு மிகுதி. விமானக் கட்டணத்தில் சிறிது மிச்சம் என்று சியாட்டிலைத் தேர்வோர், தலைச்சுற்றல் உள்ள தாய் தந்தையரை அக்கடலில் அழைத்துச் செல்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இதனோடு தொடர்புடைய சட்டம் ஒன்றும் உண்டு. பிற நாட்டுக் கொடியுடைய கப்பல், இடையில் வெளிநாட்டுத் துறை எதனையும் தொடாமல், அமெரிக்கத் துறைகளை மட்டும் சுற்றி வரும் பயணத்தை நடத்துதல் 1886ஆம் ஆண்டின் சட்டப்படி கூடாது. பெருங்கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கொடியுடன் ஓடுபவை. ஆதலால் சியாட்டிலில் புறப்படும் கப்பலும் இடையில் கனடாவின் விக்டோரியா போன்ற துறையில் சில மணி நேரமேனும் நின்றாக வேண்டும். எனவே இந்தியக் கடவுச்சீட்டில் வந்துள்ள பெற்றோருக்கு, பலமுறை நுழைய இசைவுள்ள அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். கரையில் இறங்கப் போவதில்லை என்று சொல்வது விடையாகாது. ஆவணம் குறைந்தால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப்படுவர். கட்டிய பணமும் திரும்பாது. கப்பலுக்குப் பணம் கட்டுமுன் கனடா விசாவுக்கு விண்ணப்பித்தல் முறையாகும்.

அடுத்து, எந்தப் பனியாறு என்று கேளுங்கள். விளம்பரத்தில் பனியாற்றின் படம் இருப்பதனாலேயே கப்பல் அதனருகே செல்லும் என்று கொள்ளலாகாது. கிளேசியர் பே என்னும் விரிகுடா 1925இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1980இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு நாளைக்கு இரண்டு பயணக் கப்பல்களுக்கு மேல் அங்கே இசைவில்லை. அவ்விசைவு எல்லா நிறுவனங்களுக்கும் உரியதன்று. இசைவு பெற்ற கப்பலில் காலையிலேயே பூங்கா அலுவலர்கள் படகில் வந்து ஏறி, நாள் முழுவதும் ஒலிபெருக்கி வழியாக விளக்கம் தருவர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே சென்று, மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நெடுநேரம் நிற்கும்.

இவ்விரிகுடாவின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. 1750ஆம் ஆண்டளவில் அங்கே விரிகுடாவே இல்லை, பனியே நிறைந்திருந்தது. முன்னேறி வந்த அப்பனி, அங்கு வாழ்ந்த ஹூனா டிலிங்கிட் மக்களைத் தம் ஊர்களைவிட்டு அகலச் செய்தது. 1794இல் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது பனிச்சுவரில் சிறியதொரு குடைவையே கண்டனர். 1879இல் ஜான் மூர் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் ஒரு பகல் முழுதும் செல்லும் நீர்ப்பரப்பு, ஏழெட்டுத் தலைமுறைக்குமுன் பனிக்கட்டியாய் இருந்த இடமாகும். நிலையாமையை நூலில் கற்ற நமக்கு இது கண்முன் காணும் பாடம்.

ஹப்பர்ட் பனியாறு மற்றொன்று. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடைய அது, கடலில் வந்து முடியும் பனியாறுகளுள் வட அமெரிக்காவில் மிகப் பெரியது. டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்பவை செங்குத்தான பாறைகளுக்கிடையே அமைந்த குறுகிய கடற்கால்கள். மிதக்கும் பனிக்கட்டி மிகுந்தால் பெருங்கப்பல் பாதியிலேயே திரும்ப நேரும். சிறு கப்பல்களே பனியின் அருகே அணுகும். ஆகவே பயணத் திட்டத்தில் எந்த இடத்தின் பெயர் எழுதப்பட்டுள்ளது, அங்கே எத்தனை மணி நேரம் என்று பார்த்துத் தெளிக.

இரண்டாவது, காணும் இடம். ஐம்பது, நூறு பேர் செல்லும் சிறு கப்பல் குறுகிய கடற்கால்களிலும் நுழையும், கட்டணமோ பன்மடங்கு. பலவற்றில் மின்தூக்கி இல்லை. மருத்துவ வசதியும் குறைவு. நாலாயிரம் பேர் செல்லும் பெருங்கப்பலில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் பனியாற்றின் முன் அத்தனை பேரும் ஒரே வேளையில் மேல்தளத்திற்கு வருவர். முழங்கால் வலியுள்ள தாயார் அந்த நெரிசலில் எதைக் காண்பார்? என் கருத்தில், முதியோருடன் செல்வோருக்கு 1,400 முதல் 2,200 பேர் வரை செல்லும் நடுத்தரக் கப்பலே ஏற்றது. கப்பலைச் சுற்றி வர நடைதளம் உண்டா, பனியாற்று நாளில் முன்பக்கத் தளத்தைத் திறந்து விடுவார்களா, கண்ணாடிச் சுவருடைய காட்சிக் கூடம் உண்டா என்று அதன் தள வரைபடத்தில் பாருங்கள்.

குளிர்காற்றில் நெடுநேரம் நிற்க இயலாதவர்க்குப் பால்கனி அறை மெய்யாகவே பயன்படும். பனியாற்றின் முன் கப்பல் மெல்லத் திரும்பி இருபுறமும் காட்டுவதால் எந்தப் பக்கத்து அறை என்று கவலைப்பட வேண்டியதில்லை. நலமுடைய இளையோர் சாளரம் இல்லாத உள் அறையில் தங்கிச் செலவைக் குறைத்து, பகலெல்லாம் தளத்தில் நிற்கலாம்.

மூன்றாவது, உடலும் உணவும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அசைவு குறைவு. மருத்துவர் உள்ள கப்பலையே தெரிக. கடலிலிருந்து நோயாளியைக் கரை சேர்க்கும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுத்திடுக. தென்கிழக்கு அலாஸ்கா மழைக்காட்டு நிலம். கோடையிலும் வெப்பம் பெரும்பாலும் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் அளவே. கனத்த கம்பளியைவிட, அடுக்கடுக்காய் அணியும் ஆடையும் மழை புகா மேலாடையும் உதவும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சைவ உணவு உண்டு என்று பட்டியலில் இருப்பது மட்டும் நமக்குப் போதாது. சூப்பில் மீன், கோழிச் சாறு சேரும். உருளைக்கிழங்கு வறுவல் புலால் பொரித்த எண்ணெயிலேயே வெந்திருக்கும். இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். ஆதலால் பயணத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே, நாம் உண்பன இவை, உண்ணாதன இவை என்று எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் மறுமொழி பெற வேண்டும். கிழங்கு தவிர்ப்போர் அதனையும் தனியே குறிப்பிடுதல் அவசியம். கப்பலில் ஏறிய முதல் நாளிலேயே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரைக் கண்டு பேசினால், மறுநாள் உணவை முன்னாள் இரவே கேட்டுச் சமைத்துத் தருவார்கள். தெளிவான மறுமொழி தராத நிறுவனத்தின் கப்பல் எத்துணை அழகியதாயினும் அதை விட்டுவிடுக.

இரவுண்ணாமை நோற்கும் பெரியோருக்கு ஒரு நற்செய்தி உண்டு. ஜூன் மாத இறுதியில் ஜூனோ நகரில் கதிரவன் மறைவது இரவு 10 மணியளவில். மாலை உணவை முதல் பந்தியில் கேட்டுப் பெற்றால் நோன்புக்கு இடையூறே இல்லை. செப்டம்பர் இறுதியிலோ 7 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். கட்டணம் குறைவு என்று அம்மாதத்தைத் தேர்வோர், பந்தி நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நான்காவது கேள்வியே எனக்கு முதன்மையானதாகத் தோன்றுகிறது. 2001 ஜூலையில் கிளேசியர் பேயில் கருவுற்ற கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று பயணக் கப்பல் மோதி இறந்தது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அடையாளம் அறிந்து, ஸ்னோ என்று பெயரிட்டழைத்த திமிங்கிலம் அது. திமிங்கிலங்களின் அருகே வேகத்தைக் குறைத்துச் செல்லாத குற்றத்தை அந்நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 2007இல் 7,50,000 டாலர் செலுத்த நேர்ந்தது. ஸ்னோவின் எலும்புக்கூடு இன்று அவ்விரிகுடாவின் வாயிலில், பார்ட்லெட் கோவ் என்னுமிடத்தில், காண்போர் நினைக்கும்படி வைக்கப்பட்டுள்ளது.

அக்கப்பலில் சென்றோர் எவரும் கொல்ல நினைத்தவர் அல்லர். அவரும் நம்மைப்போல் அழகைக் காணச் சென்றவரே. எறும்பையும் மிதியாது நடக்கப் பழகிய மரபினர் நாம். பல்லாயிரம் டன் எடையுள்ள கலத்தில் ஏறும்போது அதன் நடையும் நம் நடையாகிறது அன்றோ? அப்பூங்கா சில நெறிகளை வகுத்துள்ளது. திமிங்கிலம் உலவும் நீரில் தேவையானபோது வேகத்தை மணிக்கு 13 கடல் மைலாகக் குறைக்கிறது. கடல்நாய்கள் பனித்துண்டுகளின்மேல் குட்டி ஈன்று வளர்க்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கடற்காலில், மே முதல் ஆகஸ்டு முடியப் பயணக் கப்பல்கள் நுழையத் தடை உண்டு. அலாஸ்கா முழுதும் கூன்முதுகுத் திமிங்கிலத்தை 91 மீட்டருக்குள் அணுகுதல் சட்டப்படி கூடாது. கரையில் ஏற்பாடு செய்யும் திமிங்கிலப் படகுகளுக்கும் இது பொருந்தும். மிக அருகே அழைத்துச் செல்வோம் என்று கூறும் படகை மறுத்து, விலகி நின்று காட்டும் படகைத் தெரிவது நம் கையில் உள்ளது.

துறையில் நிற்கும்போது புகை கக்காமல் கரையிலிருந்து மின்சாரம் பெறும் வசதி கப்பலுக்கு உண்டா என்றும் கேட்கலாம். பயணக் கப்பல்களுக்கு இவ்வாறு மின்சாரம் அளிக்கும் முறை 2001இல் ஜூனோ துறையில்தான் முதன்முதலாகத் தொடங்கிற்று. அங்கே அது நீர்மின்சாரம். கேட்போர் பெருகினால் அவ்வசதியுள்ள கப்பல்களும் பெருகும்.

பெரியோர்களே! இக்கேள்விகளைப் பிள்ளைகள் மட்டும் ஆராய்ந்து முடிவு செய்தல் போதாது. எவ்வளவு தூரம் நடக்க இயலும், என்ன உண்பர், எந்நேரம் உண்பர் என்பதைப் பெற்றோரிடமே கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுங்கள். பெற்றோரும், பிள்ளைகளுக்குச் சுமை என்று கருதி வலியையும் நோன்பையும் மறைக்க வேண்டா. இருவரும் மனம்விட்டுப் பேசித் தெரிந்த கப்பல், சிறியதாயினும் பழையதாயினும், நிறைவைத் தரும். பனியாற்றைக் காணச் செல்லும் அனைவரும் நலமே சென்று, எவ்வுயிர்க்கும் இடரின்றிக் கண்டு, நலமே திரும்புக என வாழ்த்தி அமைகிறேன்.