மூட்டை முடிச்சுகளைக் காத்தவர்கள்

(மறைபரப்பு ஞாயிறுக்கு முந்தைய நாள் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற நமக்குத் தேர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் கோயில் தேர் புறப்பட்டால், வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடக்கிற சிலரை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் முட்டுக்கட்டை இருக்கும். தேர் திரும்ப வேண்டிய முக்கிலும், நிற்க வேண்டிய இடத்திலும் அதைச் சக்கரத்தின் அடியில் கொடுப்பார்கள். தேரின் அலங்காரத்தை நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. கண் சக்கரத்தின் மேலேயே இருக்கும். "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் ஒருவரைக் குறை சொல்கிறோம். தேரோட்டம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நாளை மறைபரப்பு ஞாயிறு. 1926-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் காலத்தில் ஏற்படுத்தப்பட்ட நாள். வழக்கமாக இந்த நாளில் கடல் கடந்து வந்த மறைப்பணியாளர்களை நினைப்போம். இன்று அவர்களுக்குப் பக்கத்தில் நடந்தவர்களை நினைப்போம்.

முதல் சாமுவேல் நூலின் முப்பதாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சிக்லாகு ஊரை அமலேக்கியர் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாவீது 600 பேரோடு துரத்திப் போகிறார். பெசோர் ஓடை வந்ததும் 200 பேருக்கு அதற்கு மேல் கால் நகரவில்லை. அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அங்கேயே தங்கிவிட, மற்ற 400 பேர் போய் எல்லாவற்றையும் மீட்டு வருகிறார்கள். வந்ததும் சிலர் சொல்கிறார்கள்: எங்களோடு வராதவர்களுக்குப் பங்கு கிடையாது, அவரவர் மனைவி மக்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று. தாவீது அதற்கு இசையவில்லை. போருக்குப் போனவருக்கு எவ்வளவோ, மூட்டையைக் காத்தவருக்கும் அவ்வளவு என்கிறார். அதை இஸ்ரயேலில் சட்டமாகவே ஆக்கிவிடுகிறார். தாவீது அந்த 200 பேருக்கு வாழ்த்துரை வாசிக்கவில்லை, நேயர்களே. பங்கைப் பிரித்துக் கொடுத்தார்.

நம்முடைய பழைய மதுரை மறைப்பணித் தளத்தில் மூட்டையைக் காத்தவர்கள் யார்? உபதேசியார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேதியர் என்றும் பெயர். ஒரு குரு பல நாள் நடந்து சுற்றிவர வேண்டிய பரப்பு அது. அவர் ஒரு ஊரை விட்டுப் போனபின் அங்கே செபம் சொல்லிக் கொடுத்தவர், சாகக் கிடந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், சண்டை போட்ட அண்ணன் தம்பியை உட்கார வைத்துப் பேசியவர் உபதேசியார்தான்.

புனித அருளானந்தரின் வரலாற்றை எல்லோரும் கேட்டிருக்கிறோம். மறவ நாட்டில் தடியத்தேவர் நோயாய்ப் படுத்தபோது அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். அருளானந்தர் முதலில் தாம் போகவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அந்த வீட்டுக்குள் முதலில் காலடி வைத்தவர் அவர். நோயாளியின் பக்கத்தில் நின்று நற்செய்தி வாசித்து மன்றாடினார், தேவர் எழுந்தார். பிறகு 1693 ஜனவரி 6-ஆம் நாள் தேவருக்குத் திருமுழுக்கு நடந்தது. பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு இறந்தார். ஓரியூர் போய்வந்த நம்மில் எத்தனை பேர் அந்த உபதேசியாருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம்?

நமக்கு அதிகத் தூரமில்லாத காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்த வீரமாமுனிவருக்கு இது தெரிந்திருந்தது. அவருடைய தேம்பாவணியைப் புகழாதவர் இல்லை. நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 3,615 பாடல்கள் எழுதினார். அதே கையால் எழுதிய இன்னொரு நூல் 'வேதியர் ஒழுக்கம்'. அது உபதேசியார்களுக்காகவே எழுதியது. தமிழ் வகுப்புகளில் அந்த நூலுக்குத் தேம்பாவணி அளவு இடம் கிடைப்பதில்லை. ஆனால் கிராமத்தில் விசுவாசம் யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்த ஒருவர் எழுதியது அது.

1773-இல் இயேசு சபை தடை செய்யப்பட்டது. மறுபடி அச்சபைக் குருக்கள் நால்வர் பிரான்சிலிருந்து இந்தப் பணிக்கு வந்தது 1837-இல். இடையில் 64 ஆண்டுகள். கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த குருக்கள் இருந்தார்கள். ஆனால் ஊர்கள் அதிகம், குருக்கள் குறைவு. பாட்டன் சொன்ன செபம் பேரனுக்கு வந்து சேர்ந்ததே, அதில் உபதேசியாரின் பங்கு பெரிது.

அந்த நால்வரையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் தாங்கிய காசு எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பகுதி பிரான்சின் லியோன் நகரத்தில் 1822-இல் தொடங்கிய மறைபரப்புச் சங்கத்திலிருந்து வந்தது. லியோன் பட்டு நெசவு ஊர். பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் அங்கே ஆலைத் தொழிலாளிகளைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தார். ஆளுக்கு வாரம் ஒரு சிறு காசு, ஒரு செபம், அவ்வளவுதான். ராஜபாளையத்தில் மில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கும் இது புரியும். யாருடைய காயத்தைக் கட்டப் போகிறது என்று தெரியாமலேதான் அந்தத் துணியை நெய்கிறோம். பவுலின் 1862-இல் ஏழையாகவும் கடனாளியாகவும் இறந்தார். 2022 மே 15-ஆம் நாள் நம் தேவசகாயம் புனிதரானார். அடுத்த ஞாயிறு, மே 22-ஆம் நாள், பவுலின் அருளாளரானார்.

இனி எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களை என்றால், குருக்களை.

மலையடிவாரத்தில் ஒரு கிளைக்கிராமம். புதுக்கோயில் கட்டி மந்திரித்தபோது வாசலில் கல்வெட்டு வைத்தோம். ஆயர் பெயர், எங்கள் பெயர், நன்கொடை கொடுத்தவர்கள் பெயர், காண்ட்ராக்டர் பெயர்கூட இருந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் அங்கே மணியடித்துச் செபமாலை சொன்ன உபதேசியாரின் பெயர் இல்லை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அவரும் கேட்கவில்லை. திறப்பு விழாவன்று அவர் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் இறந்தபோது அடக்கத்துக்குப் போனோம். அவர் மனைவி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். யார் வீட்டில் நோயாளி, எந்தப் பிள்ளைக்குத் திருமுழுக்கு ஆகவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அதில் இருந்தது. மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய் இறங்கும்போது, "சாமி, கடைசி வீட்டுப் பாட்டிக்கு நன்மை கொண்டுபோகணும்" என்று காதோரம் சொல்வார். ஊரை நாங்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறோம் என்று பெருமைப்பட்டோமே, அது முழுக்க அந்த நோட்டில் இருந்து வந்தது.

மாதாமாதம் அவருக்குக் கொடுத்த தொகையை வானொலியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சம்பளம் என்றால் கேள்வி வரும் என்று அதற்குப் 'படி' என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கு முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனதும் அதுவும் நின்றது. பெசோர் ஓடையில் பங்கு கிடையாது என்று சொன்னவர்கள் கூட்டத்தில்தான் நாங்கள் நின்றிருக்கிறோம்.

2021 மே 10-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருஅவையின் முறையான பணிகளில் ஒன்றாக ஏற்படுத்தினார். நல்லது. ஆனால் ரோமையில் நடப்பது நம் பங்குப்பேரவைக் கூட்டத்துக்கு வந்து சேர நாள் ஆகும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நாளை தட்டில் போடுகிற காணிக்கை தூரதேசங்களுக்குப் போகும். மனமுவந்து போடுங்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் ஊரில் உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர் வீட்டுக்கும் போங்கள். அவர் இல்லையென்றால் அவர் மனைவியைப் பாருங்கள். மாத்திரை யார் வாங்கித் தருகிறார்கள், ரேஷன் கடைக்கு யார் போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதைப் பேரவையில் சொல்லுங்கள். கணக்கில் இடமில்லை என்று உங்கள் பங்குத்தந்தை சொன்னால், சாமுவேல் நூலைத் திறந்து காட்டுங்கள்.

அந்தக் கிராமத்துக் கல்வெட்டின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. பெயரை எப்படிப் போடுவது என்று அவர் மனைவியிடம் கேட்டோம். "உபதேசியார்னு போட்டா போதும், சாமி" என்றார். பெயரையும் சேர்த்தே வெட்டச் சொல்லியிருக்கிறோம். நின்றுபோன படி இந்த மாதம் முதல் அந்த அம்மாவுக்குப் போகிறது.