காலுக்கு ஏற்ற செருப்பு, கைக்கு ஏற்ற பை



மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால் மூவாயிரம், நாலாயிரம் என்று தயங்காமல் கொடுக்கிறோம். பல் கட்டுவதற்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறோம். செருப்பு என்று வரும்போது மட்டும், "இந்த வயசுல எனக்கு எதுக்கு? வாசல் வரைக்கும் போய்வர ஒண்ணு இருந்தா போதாதா?" என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். மகன் போட்டுக் கழித்த ஷூ அப்பாவுக்கு வருகிறது. பேத்தி வேண்டாமென்று தள்ளிய செருப்பைப் பாட்டி மாட்டிக்கொள்கிறார். நம் வீடுகளில் இதற்குச் சிக்கனம் என்று பெயர். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு வீட்டில் நல்ல செருப்பு யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், அந்த வீட்டிலேயே மூத்தவருக்குத்தான் என்பேன். இருபது வயதுக்காரர் தடுக்கினால் சமாளித்து நிமிர்ந்துவிடுவார். எழுபது வயதில் தடுக்கினால் அது இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

நம் உடம்பில் 206 எலும்புகள். அவற்றில் 52, அதாவது கால்வாசிக்கும் மேல், இரண்டு பாதங்களில் மட்டுமே இருக்கின்றன. இத்தனை சிறு எலும்புகளையும் கட்டிப்பிடித்திருப்பவை தசைநார்கள். வயது ஏற ஏற இந்த நார்கள் தளர்கின்றன. பாதத்தின் உள்வளைவு கொஞ்சம் இறங்குகிறது. பாதம் நீள்கிறது, அகலமாகிறது. குதிகாலுக்கு அடியில் மெத்தை போல இருக்கும் கொழுப்பு மெலிந்துபோகிறது. முன்பு கல்தரையில் நடந்தாலும் ஒன்றும் தெரியாது, இப்போது சுருக்கென்கிறது. சிலருக்குப் பெருவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்துக்கொள்கிறது. சிலருக்கு விரல்கள் மடங்கி, மேல்பக்கம் உராய்ந்து கால் ஆணி விழுகிறது. ஆனால் கடையில் போய் உட்கார்ந்ததும், "ஏழாம் நம்பர் குடுப்பா" என்கிறோம். அந்த ஏழு, கல்யாணத்தின்போது அளந்த ஏழு!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் புழங்கும் ஏழு, எட்டு, ஒன்பது என்ற எண்கள் இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் கால்களுக்காக வைத்துக்கொண்டவை. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது நீளத்துக்கு மட்டும்தான். அகலத்தை அந்த எண் சொல்வதில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலம் கூடியது என்று தெரியவந்தது. அதை வைத்து நமக்கென்று தனி அளவுமுறையே வகுத்திருக்கிறார்கள். அது எல்லாக் கடைகளுக்கும் வந்து சேரும்வரை நம் காலை நாம்தான் அளந்துகொள்ள வேண்டும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. சாயங்காலமாக, ஒரு வெள்ளைத்தாளின் மேல் நின்றுகொள்ளுங்கள். உட்கார்ந்து அளக்கக்கூடாது, உடம்பின் பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். வீட்டில் யாரையாவது பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிலும் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் கொஞ்சம் பெரியது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிடித்த செருப்பை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால், அதன் நிறமும் விலையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உங்களுக்கான செருப்பு இல்லை.

சாயங்காலம் என்று ஏன் சொன்னேன்? காலையிலிருந்து நடந்தும் நின்றும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தும் பொழுது சாய்வதற்குள் பாதம் சற்றே வீங்கிவிடும். காலை பத்து மணிக்குக் கச்சிதமாக இருக்கும் ஷூ ஆறு மணிக்குக் கடிக்கும். மூட்டு வீக்கமோ, இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அவர்களுக்கு வெல்க்ரோ பட்டை வைத்ததுதான் நல்லது. இழுத்தும் தளர்த்தியும் வைத்துக்கொள்ளலாம். குனிந்து கயிறு கட்டுகிற வேலையும் இல்லை. கோவில், வீடு என்று ஒவ்வொரு வாசலிலும் கழற்றி மாட்டுகிற நமக்குக் கயிறு வைத்த ஷூ எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்பதையும் யோசியுங்கள்.

கடைக்காரர், "போடப் போடச் சரியாயிடும்மா, தோல் விட்டுக்கொடுக்கும்" என்பார். நம்பாதீர்கள். போட்ட நிமிஷமே சுகமாக இல்லாத செருப்பு, ஒரு மாதம் கழித்துச் சுகமாக மாறுவதற்குள் உங்கள் காலைப் புண்ணாக்கிவிடும். போட்டுக்கொண்டு எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அவர்கள் அந்த விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கடைக்குள்ளேயே நாலு தடவை நடந்து பாருங்கள். விற்பவர் அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும்.

செருப்பைக் கையில் எடுத்துச் செய்ய வேண்டிய சோதனைகளும் உண்டு. முன்பகுதியைப் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் அது மடங்க வேண்டும். நட்டநடுவில் அட்டை போல மடிந்தால் பாதத்தைத் தாங்காது. முன்னும் பின்னும் பிடித்து, துணி பிழிவது போல முறுக்கினால் எளிதில் முறுகக்கூடாது. ஷூவாக இருந்தால் குதிகாலைச் சுற்றி நிற்கும் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது பொதக்கென்று உள்ளே போகக்கூடாது. குதி உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அகலமான குதியாக இருக்கட்டும்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பஞ்சு போல மெத்தென்று இருந்தால் நல்ல செருப்பு என்று நினைக்கிறோம். தடித்த, மிக மென்மையான அடிப்பாகம் காலுக்கு இதமாக இருக்கும், ஆனால் தரை எப்படி இருக்கிறது என்ற செய்தியைப் பாதத்துக்குச் சரியாகச் சொல்லாது. மேடு எது, சரிவு எது என்று பாதம் உணர்ந்துதான் உடம்பு நிதானம் பெறுகிறது. தள்ளாட்டம் இருப்பவர்களுக்கு மிதமான தடிமனில், சற்று உறுதியான, வழுக்காத அடிப்பாகமே பொருத்தம். சாதாரண ரப்பர் செருப்பை வெளியில் நடக்கப் பயன்படுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. பின்னால் பிடிப்பு இல்லாததால், அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதைக் கவ்விக்கொண்டே இருக்கின்றன. காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டியிருக்கிறது. பின்வார் வைத்த செருப்பு அந்த வேலையைக் காலிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய விலை உயர்ந்த ஷூவை, "நல்ல நாளுக்குப் போட்டுக்கலாம்" என்று பெட்டியோடு பீரோவில் வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. இன்று பல ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டால், கல்யாண மண்டபத்து வாசலிலேயே அடிப்பாகம் பொலபொலவென்று உதிரும். ஷூவைப் போட்டு நடந்துதான் தீர்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகலாம். அப்படிக் குறைந்தவர்கள் கடையில் எதைப் போட்டுப் பார்த்தாலும் இறுக்கமானதைத்தான் "இதுதான் சரியா இருக்கு" என்பார்கள். இறுக்கிப் பிடித்தால்தான் செருப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தங்கள் உணர்வை நம்பக்கூடாது, தாளில் போட்ட கோட்டை நம்ப வேண்டும்.

அவர்களுக்கென்றே இருக்கிறது எம்.சி.ஆர். செருப்பு. அதன் கதை நம் வேலூரோடு தொடர்புடையது. நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அந்த நோயால் கைகால் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் கவனித்துக் கண்டது வேறு. நோயால் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து புண்ணாகிறது. புண்ணான காலையே ஊன்றி நடப்பதால் அது ஆறாமல் உள்ளே இறங்குகிறது. அப்படியென்றால் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கிற செருப்பு வேண்டும். அதற்கு ஏற்றதாக அமைந்ததுதான் நுண்ணிய காற்றறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பர். 1966இல் அமெரிக்கா போன பிறகு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் இதே காரணம்தான் என்று அவர் எடுத்துச் சொன்னார். தொழுநோயாளிகளுக்காகக் கண்ட வழி இன்று சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கிறது.

இந்தச் செருப்பை வாங்கும்போது மேலே மென்மையான ரப்பரும், அதற்குக் கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான அடிப்பாகமும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்வார் வேண்டும். ஆணி அடித்துச் செய்தது வேண்டாம், ஆணி மேலே கிளம்பிக் குத்தினாலும் தெரியாது. புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரத்தைக் கூட்டுங்கள். தினமும் போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், சிறு கல் கிடந்தாலும் போதும். மென்மையான ரப்பர் அமுங்கித் தட்டையாகிவிட்டால் செருப்பை மாற்றிவிட வேண்டும்.

வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உணர்ச்சி குறைந்த காலுக்கு வீட்டுக்கென்று தனியாக ஒரு செருப்பு அவசியம். அடுப்படியில் சிந்திய வெந்நீரும் கட்டில் முனையும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. சித்திரை வெயிலில் கோவில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றி, பாதம் கொப்பளித்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது என்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உணர்ச்சியில்லாத காலோடு அதை வெறுங்காலில் சுற்ற வேண்டும் என்று அருணாசலேஸ்வரர் கேட்கமாட்டார்.

இனி பைக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை அவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் மத்திய அரசு கொள்கையே வகுத்தது. தாத்தா பாட்டிகளின் காய்கறிப் பைக்கு யாரும் கொள்கை வகுக்கவில்லை. அறுபது கிலோ எடையுள்ளவர் சந்தையிலிருந்து எட்டுக் கிலோவை ஒரே கட்டைப்பையில் போட்டு, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். கையில் பை இருந்தால் பஸ் கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். அந்தக் கையில் கைத்தடி இருந்தால் அதுவும் இல்லை.

பிளாஸ்டிக் தடையும் மஞ்சப்பையும் வந்தது நல்ல விஷயம். ஆனால் மெல்லிய கைப்பிடி விரலை அறுக்கிறது. விரல்மூட்டு வலி உள்ளவர்கள் இறுக்கிப் பிடிக்கவும் முடியாது. கைப்பிடி அகலமாக இருக்கிற பையாகப் பாருங்கள். தோளில் மாட்டுவதென்றால் பட்டை அகலமாக இருக்கட்டும். வெறும் பையே கனமாக இருந்தால் வாங்காதீர்கள். முதுகில் மாட்டும் பை சுமையை இரண்டு தோளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது, கைகளும் காலியாக இருக்கின்றன. எலும்பு மெலிந்தவர்களும் முதுகு கூன் விழுந்தவர்களும் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாட்டலாம். சக்கரம் வைத்த பை சமதளத்தில் சௌகரியம். நம் ஊர் நடைபாதைகளில் அதை எத்தனை அடி இழுக்க முடியும் என்பது வேறு கதை.

இடுப்பு மூட்டில் வலி இருப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க்கையில் கைத்தடி பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பையை எந்தக் கையில் பிடிப்பது? வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். வலது இடுப்பு வலிக்கிறதென்றால் தடி இடது கையில், பை வலது கையில். நடக்கும்போது வலது காலில் மட்டும் நிற்கிற நேரத்தில் உடம்பு இடப்பக்கம் சாயாமல் வலது இடுப்புத் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. இடது கையில் சுமை இருந்தால் அந்த இழுப்பு கூடும், அது முழுக்க மூட்டின் மேல்தான் இறங்கும். வலது கையில் இருந்தால் சுமையே தசைக்குத் துணையாகிறது.

கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவரின் செருப்பைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தாலோ, வரிகள் அழிந்து வழவழவென்று ஆகியிருந்தாலோ, சாயங்காலம் அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அளவு தெரியும் என்று நீங்களே வாங்கி வந்துவிடாதீர்கள். அவர் போட்டு, எழுந்து நின்று, நடந்து பார்க்கட்டும்.