தலையில் அணியும் காட்சிக் கருவி: வாங்கத் தகுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நம் சங்கத்துப் படிப்பகத்திற்கென ஒதுக்கிய தொகையைக் கொண்டு, தலையில் அணிந்து பார்க்கும் காட்சிக் கருவி ஒன்று வாங்கலாமா என்னும் வினா செயற்குழுவின்முன் உள்ளது. 'வி.ஆர். ஹெட்செட்' என்று இளைஞர் வழங்கும் கருவி அது. வாங்கியே தீரவேண்டும் என்பது அவர்கள் கட்சி. வீண் செலவு என்பது முதியோர் கட்சி. இரு திறத்தாரும் நம்மவரே. ஆகவே, அதன் நன்மையையும் தீமையையும் தராசின் இரு தட்டில் இட்டு நிறுத்துப் பார்க்க விழைகின்றோம்.

கருவியின் இயல்பை முதற்கண் காண்போம். திருவிழாக் காலத்தில் தெருமுனைக்கு வந்த பயாஸ்கோப் பெட்டியை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். துளையில் கண்ணை வைத்தால் டில்லிக் கோட்டையும் தாஜ்மகாலும் உள்ளே தோன்றும். அந்தப் பெட்டியையே முகத்தோடு கட்டிக்கொண்டதாக எண்ணிக் கொள்ளுங்கள். இரு கண்களுக்கும் எதிரே தனித்தனிச் சிறு திரையும் வில்லையும் உள்ளன. இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டால் காட்சி ஆழம் பெறுகின்றது. நாம் தலையைத் திருப்பினால் அதனை உணர்ந்து காட்சியும் திரும்புகின்றது. இதுவே அதன் விந்தை.

இவ்விந்தை புதியதன்று. 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் இத்தகைய கருவி ஒன்றை இயக்கிக் காட்டினார். அது மிகவும் கனமாயிருந்தமையால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியதாயிற்று. இன்று நிலை மாறியுள்ளது. 2023இல் வெளிவந்த மெட்டா குவெஸ்ட் 3 ஏறத்தாழ 515 கிராம் எடையுள்ளது. அறிமுக விலை 499 டாலர். 2024இல் வெளிவந்த ஆப்பிள் விஷன் புரோவின் அறிமுக விலையோ 3,499 டாலர், அதாவது ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய்.

இக்கருவியால் உண்மைப் பயன் பெறுவோர் யாவர்? கைகள் இரண்டும் வேலையில் ஈடுபட்டிருக்க, கண்ணுக்குக் கூடுதற் செய்தி தேவைப்படுவோரே அவர். போர் விமானி முதல்வர். நம் நாட்டுத் தேஜஸ் விமானத்தை ஓட்டுவோரின் தலைக்கவசத்திலேயே வேண்டிய குறிப்புகள் கண்ணெதிரே தோன்றுகின்றன. அடுத்தவர் அறுவை மருத்துவர். நுண்துளை அறுவையில் மருத்துவர் தம் கைகளை நோயாளிமேல் வைத்துக்கொண்டு, பக்கத்துத் திரையை நோக்கிக் கழுத்தைத் திருப்பியவாறே நெடுநேரம் நிற்க வேண்டும். 2024இல் சென்னை ஜெம் மருத்துவமனை மருத்துவர்கள் விஷன் புரோவை அணிந்து இத்தகைய அறுவைகள் பத்துக்கு மேல் செய்தனர். திரை கண்ணெதிரே வந்துவிட்டமையால் கழுத்தின் துன்பம் குறைகின்றது.

மூன்றாமவர் தொழிலாளர். விமானத்தின் மின்கம்பிகளைப் பின்னும் தொழிலாளருக்கு வரைபடத்தைக் கண்ணெதிரே காட்டும் முயற்சி, போயிங் நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்திலேயே நடைபெற்றது. இதனை அயலார் செய்தி என்று ஒதுக்கற்க. திருப்பதியைச் சூழ்ந்து இன்று தொலைக்காட்சிப் பெட்டிகளும் காட்சித் திரைகளும் செய்யும் ஆலைகள் எழுந்துள்ளன. டி.சி.எல். நிறுவனத்தின் ஆலைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய ஆலைகளில் நாளை நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லக்கூடும். அங்கே இக்கருவி எழுதுகோல்போல் ஒரு பணிக்கருவியாக வந்தாலும் வியப்பில்லை.

இனி மறுதட்டை நோக்குவோம். திருமலை மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது சிலருக்குக் குமட்டல் எழுகின்றது. உடல் அசைவதைச் செவியினுள் உள்ள சமநிலை உறுப்பு உணர்கின்றது. பேருந்தின் உட்புறத்தையே நோக்கும் கண்ணோ அசைவில்லை என்கின்றது. இக்கருவியில் அதுவே தலைகீழாய் நிகழ்கின்றது. கண் 'பறக்கின்றோம்' என்கின்றது. உடலோ நாற்காலியில் இருக்கின்றது. இம்முரண்பாட்டால் பலருக்குத் தலைசுற்றல் உண்டாகின்றது.

கண்ணுக்கும் ஓர் இடர் உண்டு. பூத்தொடுக்கும்போது நம் இரு கண்களும் உள்நோக்கிச் சாய்கின்றன. கண்ணின் வில்லையும் அத்தொலைவுக்கே இசைகின்றது. இரண்டும் ஒன்றுபட்டுச் செய்யும் வேலை அது. இக்கருவியிலோ காட்சி அருகே வந்தாலும் அகன்று சென்றாலும், வில்லை மட்டும் ஒரே தொலைவுக்கு இசைந்து நிற்க வேண்டும். நெடுநேரம் பார்த்தால் கண் களைக்கும்; தலை வலிக்கும். இவற்றோடு முகத்தை அழுத்தும் பாரம், நம் ஊர்க் கோடையில் பெருகும் வியர்வை, இரண்டு மணி நேரத்தளவில் தீர்ந்துவிடும் மின்கலம், மூக்குக்கண்ணாடி அணிவோர் படும் இடர்ப்பாடு ஆகியவற்றையும் கூட்டிக்கொள்க. பத்து வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தம் கருவி உரியதன்று என்று மெட்டா நிறுவனமே வரையறுத்துள்ளது.

பிறர்க்கு நேரும் இடரும் உண்டு. கூகுள் கிளாஸ் என்னும் கண்ணாடி 2013இல் 1,500 டாலர் விலையில் முன்னோடிப் பயனாளர்க்குக் கிடைத்தது. அதில் ஒளிப்படக் கருவியும் இருந்தமையால், தம்மை அறியாமல் படம் பிடிக்கின்றாரோ என மக்கள் அஞ்சினர். 2015 ஜனவரியில் அவ்விற்பனை நின்றது. ஆயினும் தொழிலகங்களுக்கான வகை 2023 வரை விற்கப்பட்டது. தெருவில் வெறுக்கப்பட்ட அதே கருவி, வேலைக்களத்தில் மேலும் எட்டாண்டு வாழ்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்பர்களே! இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. திரைப்படத்தை ஊரே கூடிப் பார்த்தது. தொலைக்காட்சியை வீடே கூடிப் பார்த்தது. கைப்பேசியை ஒருவர் பார்த்தாலும், அருகிலிருப்பவர் எட்டிப் பார்க்கலாம். இக்கருவியிலோ பார்ப்பவர் முகமே மறைந்துவிடுகின்றது. தமிழ் பேசும் வாய்ப்பு வீட்டிலும் சங்கத்திலும் அன்றி வேறெங்கும் அரிதாகிய நம் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பேசிவிட்டு மாலையில் இல்லம் திரும்பும் பிள்ளை, பாட்டியின் எதிரே முகத்தை மூடிக்கொண்டு அமர்ந்தால், அப்பிள்ளைக்குத் தமிழ் எவ்வழி வரும்?

ஆதலின் நம் கருத்து இது. வீடுதோறும் வாங்கத் தக்க பொருள் அன்று இது. சங்கத்துப் படிப்பகத்திற்கு, விலை மிகாத ஒன்றை மட்டும் வாங்கலாம். அதற்கென ஒரு நாற்காலி போதாது. இரண்டு நாற்காலிகள் வேண்டும். மாணவன் ஒன்றில் அமர்ந்து இதயத்தின் உள்ளமைப்பைக் காணட்டும். மற்றொன்றில் பெரியவர் ஒருவர் அமர்ந்து, 'நீ காண்பது மேலறை, கீழே உள்ளது கீழறை' என்று தமிழில் எடுத்துரைக்கட்டும். கண்டதை மாணவன் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். ஒருவருக்குக் கால் மணி நேரமே அளவாகுக. ஒருவர் அணிந்தபின் துடைத்தே அடுத்தவர்க்குத் தருக. தலைசுற்றல் கண்டால் உடனே கழற்றுக. கண் அறுவை செய்துகொண்டோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே அணிக.

அலிபிரிப் படிகளில் ஏற இயலாத மூதாட்டியர் நம்மிடையே பலர் உள்ளனர். மலையின் காடுகளையும் அருவிகளையும் அவர்கள் ஒருமுறை இக்கருவியில் கண்டு மகிழ்வாராயின் அதுவும் நற்பயனே. அதனைத் தரிசனம் என்று நாம் மயங்க வேண்டுவதில்லை. கருவியைக் கழற்றியதும், தாம் கால்நடையாய் ஏறிய காலத்தை அவர் சொல்லத் தொடங்குவார். அதனைக் கேட்கப் பேரன் பேத்தியர் அந்த இரண்டாம் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். அதற்கு இசைவோமாயின் கருவியை வாங்குவோம். இயலாதெனில் அத்தொகைக்கு நூல்கள் வாங்குவோம். முடிவு செய்யவேண்டியவர்கள் நீங்களே.