இசையாசிரியப் பணியும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

உயர்கல்வி என்றதும் மருத்துவம், பொறியியல், சட்டம் என்றே நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. இசையில் முதுகலைப் பட்டம் பெறுவதும், அதனைக் கற்பிக்கும் தகுதியை முறைப்படி அடைவதும் எவ்வாறு, அவை நமக்கு எதற்கு என்பதே அப்பொருள்.

இசை நமக்குப் புதியதன்று. திணைதோறும் அமையும் கருப்பொருள்களைக் கூறவந்த தொல்காப்பியம், பறையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. பிற்காலத்தில் அதே கருவி ஊழியத்தின் அடையாளமாக்கப்பட்டது. இழவு வீட்டிற்கு அழைத்தால் போயாக வேண்டும். மறுத்தால் ஊர்ப் பகையைத் தாங்க வேண்டும். ஆகவேதான், இனிப் பறையடிக்க மாட்டோம் என்று அதனைக் கீழே வைத்த பெரியவர்கள் நம்மிடையே தோன்றினர். அவர்கள் செய்தது சரியே. அதே பறையைக் கலையென மேடையேற்றிய இளைஞர்களும் பின்னர்த் தோன்றினர். அவர்கள் செய்வதும் சரியே. பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் மேடையில் கிடைக்கும் கைத்தட்டல் அன்றோடு முடிந்துவிடும். பாடத்திட்டம் வகுப்பவர் யார்? வினாத்தாள் எழுதுபவர் யார்? சேர்க்கைக்கு வரும் மாணவனைப் பாடச் சொல்லிக் கேட்பவர் யார்? பட்டமும் ஆசிரியத் தகுதியும் உடையவர்களே. எது இசை, எது வெறும் ஓசை என்று தீர்ப்புச் சொல்லும் இருக்கை அது. அந்த இருக்கையில் நம்மவரும் அமர வேண்டும்.

தமிழகத்தில் இசை பல்கலைக்கழகப் பாடமாகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே ஆகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932இல் இசைக் கல்வி தொடங்கிற்று. 1949இல் சென்னையில் அரசு இசைக்கல்லூரி அமைந்தது. 2013இல் இசை, கவின்கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே சட்டத்தால் நிறுவப்பட்டது. இதன் பயனை எண்ணிப் பாருங்கள். குருகுலத்தின் கதவு குருவின் விருப்பப்படி திறந்தது. கல்லூரியின் கதவை விண்ணப்பமும் தேர்ச்சியும் இட ஒதுக்கீடும் திறக்கின்றன.

இனி, வழியைக் கூறுகிறேன். இளம் பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. அங்கே குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றை மூன்றாண்டு கற்கலாம். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் உள்ளன. இளங்கலை முடித்தபின் முதுகலை இரண்டாண்டு. பள்ளியில் இசையாசிரியராக வேண்டுமாயின், இசைத் தேர்ச்சியோடு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். பாடத் தெரிந்தவரெல்லாம் பாட்டுச் சொல்லித்தர வல்லவர் அல்லர். நாற்பது குழந்தைகளை ஒரே சுருதியில் நிறுத்துவதும், குரல் உடையும் வயதிலுள்ள சிறுவனை அவமானப்படுத்தாமல் பாடவைப்பதும் தனிக்கலை.

கல்லூரி ஆசிரியராக வேண்டுமாயின், முதுகலைக்குப் பின் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்விலோ, மாநிலத் தகுதித் தேர்விலோ வெற்றி பெறுவது வழக்கமான வழி. நெட் தேர்வில் இரு தாள்கள், 150 வினாக்கள், மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும் என்பது பொதுவிதி; பட்டியல் சாதியினருக்கு 50 போதும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு எழுதுவோருக்கு உச்ச வயது வரம்பு இல்லை. எனவே முப்பத்தைந்து வயதைக் கடந்தவரும் காலம் போயிற்று என்று கலங்க வேண்டா.

இன்னொரு வாயிலும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், சிறந்த சாதனையுடைய மரபுக் கலைஞரும் உதவிப் பேராசிரியராக இடமளிக்கின்றன. புகழ்பெற்ற ஆசானிடம் பயின்றிருக்க வேண்டும். வானொலி அல்லது தொலைக்காட்சியில் ‘ஏ’ தரக் கலைஞராக இருக்க வேண்டும். பாடத்தைக் காரணகாரியத்தோடு விளக்க வேண்டும். ஆனால் அங்கும் இளங்கலைப் பட்டம் கட்டாயம். கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் பட்டமின்றி அவ்வாயிலும் திறவாது.

கையில் கலை உள்ள நம் இளைஞர் பலர் ஏட்டுப் பாடத்திற்கு அஞ்சுகின்றனர். 72 மேளகர்த்தா, 35 தாளம் என்று கேட்டதும் பின்வாங்குகின்றனர். மிருதங்க மாணவன் முதலில் சொற்கட்டைச் சொல்லிப் பின்னரே வாசிக்கிறான். பறையடியும் வாய்ச்சொல்லாகவே தலைமுறை தலைமுறையாக வந்தது. காதால் கற்ற அதனைத் தாளக் கணக்கில் எழுதிப் பாருங்கள். ஏட்டுப் பாடத்தில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும்.

இவ்விரண்டையும் இணைத்துக் காட்டியவர் கே. ஏ. குணசேகரன் அவர்கள். ஊர் மேடைகளில் மக்கள் பாடல்களைப் பாடிய அவர், நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியரானார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 2016இல் மறைந்தார். பேராசிரியரான பின்னும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கலாகாது. பட்டம் பெற்றதும் வேலை காத்திருக்கும் என்று நான் கூறவில்லை. தமிழகப் பள்ளிகளில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி முதலியவற்றிற்காக 2012இல் நியமிக்கப்பட்ட 16,549 ஆசிரியர்களும் பகுதிநேரப் பணியாளர்களே. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். இடங்கள் குறைவு என்பதனாலேயே தகுதியை முன்கூட்டி முடித்து வைத்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் படிக்கத் தொடங்குபவனுக்கு அந்த இடம் கிட்டாது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலைப் பள்ளியில் ஒரு சுருதிப் பெட்டியும், பழைய வினாத்தாள்களின் கட்டும் இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளையேனும் இசைக்கல்லூரிக்கு அனுப்புங்கள். அவர்களுக்குரிய கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். அழைத்தபோது வாசலில் நின்று அடித்தவர் நம் முன்னோர். பணி ஆணை பெற்று, வகுப்பறைக்குள் நுழைந்து, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் தாளம் சொல்லித்தருபவர் நம் பிள்ளைகளாக இருக்கட்டும்.