சீண்டியவனும் சும்மா இருந்தவனும்

ஹைதராபாத்தின் நெரிசல் மிகுந்த கடைவீதிகளில் கோட்டியும் ஒன்று. ஒரு பக்கம் சுல்தான் பஜார் துணிக்கடைகள், இன்னொரு பக்கம் பழைய புத்தகக் கடைகள். நகரத்தின் எல்லாத் திசைக்கும் அங்கிருந்து பஸ் உண்டு. பழைய பிரிட்டிஷ் ரெசிடென்ஸி மாளிகை வளாகத்தில் இயங்கும் மகளிர் கல்லூரியும் (இப்போது அது பல்கலைக்கழகம்) அங்கேதான். சாயங்காலம் கல்லூரி விட்டால் பஸ் நிறுத்தம் நிரம்பிவிடும். அந்தக் கூட்டத்துக்குள்ளே பஸ் ஏற வராத சிலரும் இருப்பார்கள். நெரிசலைச் சாக்காக வைத்து உரசுவார்கள், பின்னால் வந்து பாடுவார்கள், செல்போனில் படம் பிடிப்பார்கள். கடைவீதியும் பஸ் நிலையமும் உள்ள எந்த ஊரிலும் பெண்களுக்கு இது தெரிந்த சங்கதி.

2014 ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா தனி மாநிலமானது. பெண்களின் பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று ஆராய, ஐ.ஏ.எஸ். அதிகாரி பூனம் மாலகொண்டையா தலைமையில் அந்த ஆண்டே ஒரு குழு அமைத்தார்கள். அக்டோபர் 24ஆம் தேதி ஹைதராபாத் காவல்துறையில், பெண்களைச் சீண்டுவோரைப் பிடிக்கும் 'ஷீ டீம்ஸ்' அணிகள் தொடங்கின. பொறுப்பு, ஐ.பி.எஸ். அதிகாரி ஸ்வாதி லக்ராவுக்கு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கினார்கள்.

இந்த அணிகள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கோட்டி போன்ற ஓர் இடத்தில், சுடிதார் போட்டு, தோளில் பையோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல ஒரு பெண் காவலர் நிற்பார். சற்றுத் தள்ளி அவருடைய சகாக்கள், எல்லாரும் சாதாரண உடையில். ஒருவரிடம் மறைவாகக் கேமரா இருக்கும். யாராவது பெண்களைச் சீண்டினால் முதலில் அது பதிவாகும். பிறகுதான் பிடிப்பார்கள். ஆளின் தோற்றத்தைப் பார்த்துப் பிடிப்பதில்லை, செய்த காரியத்தைப் பார்த்துப் பிடிக்கிறார்கள். பிடிபட்டவன் சிறுவனாகவோ இளைஞனாகவோ இருந்தால் அப்பா அம்மாவை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் ஆலோசனை சொல்லி எச்சரிக்கிறார்கள். சிறு குற்றமென்றால் நகரக் காவல் சட்டப்படி வழக்கு; குற்றம் பெரிதென்றால் குற்றவியல் சட்டம் பாயும். பாதிக்கப்பட்ட பெண் காவல் நிலைய வாசலை மிதிக்க வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பிலேயே புகார் தரலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் பெண்களில் பலர் வாய் திறக்காததற்குக் காரணம் பயம் மட்டுமில்லை. 'ஸ்டேஷனுக்குப் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? படிப்பை நிறுத்திவிட்டால்?' என்ற கவலையும்தான்.

தமிழ்நாட்டு நேயர்களுக்கு 1998 நினைவிருக்கும். சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், தெருவில் இளைஞர்கள் செய்த அட்டகாசத்தில் உயிரிழந்தார். அதன் பிறகுதான் அந்த ஆண்டே பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே வந்தது. ஓர் உயிர் போன பிறகு வந்த சட்டம் அது. தெருமுனையில் நடக்கும் சின்னச் சீண்டலை அங்கேயே மறித்தால்தான் அது பெரிய கொடுமையாக வளராமல் தடுக்க முடியும்.

அதே ஹைதராபாத்தில் வேறொரு நடவடிக்கையும் நடந்தது. பழைய நகரத்தில் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் திண்ணை இருக்கும். சபூத்ரா என்பார்கள். சார்மினார் பக்கத்து வீடுகள் பல நெருக்கடியானவை. உள்ளே புழுக்கம். அதனால் இளைஞர்கள் ராத்திரி வெகுநேரம் அங்கேதான் உட்கார்ந்து பேசுவார்கள். 2015 வாக்கில் காவல்துறை 'ஆபரேஷன் சபூத்ரா' என்ற பெயரில் நள்ளிரவில் இப்படி உட்கார்ந்திருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய், பெற்றோரை அழைத்து, அறிவுரை சொல்லி அனுப்பியது. பைக் பந்தயம், போதை, அடிதடி ஆகியவற்றிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் என்றார்கள். நல்லதுதான் செய்கிறார்கள் என்று மகிழ்ந்த பெற்றோரும் இருந்தார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. கோட்டியில் பிடிபட்டவன் ஒரு பெண்ணைச் சீண்டியவன். திண்ணையிலிருந்து எழுப்பப்பட்டவன் என்ன செய்தான்? உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரே மாதிரி ஆலோசனைக் கூட்டம் என்றால், சும்மா இருந்தவன் காவல்துறையை எதிரியாகத்தான் பார்ப்பான். நாளைக்கு அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஆபத்து என்றால் முதலில் ஓடி வர வேண்டியவன் அவன். சாட்சி சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

ஆளைத் தெருவிலிருந்து விலக்கும் இந்தப் பாதையில் இங்கிலாந்தும் போய்ப் பார்த்தது. தொல்லை தருபவர் என்று கருதப்பட்டவருக்கு, இந்தத் தெருவுக்கு வராதே, இன்னாருடன் சேராதே என்று நீதிமன்றம் தடை போடும் சட்டத்தை 1998இல் கொண்டுவந்தார்கள். அந்தத் தடைகளில் பாதிக்கு மேற்பட்டவை மீறப்பட்டன. 2014இல் அந்த ஏற்பாட்டையே கைவிட்டு வேறு சட்டம் செய்தார்கள்.

தெருவில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஹைதராபாத்தில் அதற்குக் குறைவில்லை. 2022 ஆகஸ்டில் பஞ்சாரா ஹில்ஸில் பிரம்மாண்டமான கட்டுப்பாட்டு மையமே திறந்தார்கள். குற்றம் நடந்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்கக் கேமரா நிச்சயம் உதவும். ஆனால் நீட்டிய கையை அது தட்டிவிடாது. 2021 ஊரடங்கின்போது போலீஸார் நடுத்தெருவில் நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லித் தன்னைப் படம் எடுத்ததாக எஸ்.க்யூ.மசூத் என்ற சமூகச் செயற்பாட்டாளர் உயர் நீதிமன்றம் போனார். முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தைப் பற்றி 2022 தொடக்கத்தில் நீதிமன்றம் அரசிடம் விளக்கம் கேட்டது. அவருடைய முறையீடு நியாயமானது என்பேன்.

தெருவில் பயம் குறைவதற்கு வேறொரு வழியும் அந்த ஊரே காட்டியது. 2021 ஆகஸ்ட் கடைசியில், ஹுசேன் சாகர் கரையில் உள்ள டேங்க் பண்ட் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டிகளை நிறுத்தினார்கள். அக்டோபரில் சார்மினாரிலும் அப்படியே. பாட்டு, தீனிக்கடை, ஓடியாடும் குழந்தைகள், தரையில் உட்கார்ந்து பேசும் பாட்டிமார்கள் என்று இரவு பத்து மணிக்கும் கலகலப்பு. குடும்பங்கள் நிறைந்த இடத்தில் சீண்டுகிறவனுக்குத் துணிச்சல் வராது. அந்த ஏற்பாடு தடையில்லாமல் தொடரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பஸ்ஸிலும் அப்படித்தான். 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவின் சாதாரண, எக்ஸ்பிரஸ் அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நம் மாநிலத்தில் 2021லேயே சாதாரண நகரப் பேருந்துகளில் இது வந்துவிட்டது. காசு மிச்சமாகும் திட்டமாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸில் ஒரே ஒரு பெண் இருப்பதும் இருபது பெண்கள் இருப்பதும் ஒன்றாகுமா?

உங்கள் ஊர் நகராட்சிக் கூட்டத்திலோ பகுதிசபைக் கூட்டத்திலோ இதையெல்லாம் கேளுங்கள். பஸ் நிலையத்தில் எத்தனை விளக்கு எரிகிறது? பெண்கள் கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது? நிறுத்தத்தை ஒட்டி ஏன் மதுக்கடை இருக்கிறது? சீண்டலுக்கு ஆளானால் தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் அழைக்கலாம். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை அப்படி ஒன்றைச் சொன்னால், 'நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த எண்ணை நீங்களே அழையுங்கள்.