ஆங்கிலமும் நம்மூர்த் தேவையும்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1835இல் மெக்காலே துரை ஆங்கிலக் கல்வியை வேண்டியது, ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடைநின்று பேசும் வகுப்பாரை ஆக்கும்பொருட்டேயாம். ஆள்வோர் 1947இல் அகன்றனர், மொழியோ நின்றது. இன்று அஃது உலக வாணிகத்தின் மொழி. 2012-13 முதல் அரசினர் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தோன்றின. நம் மக்கள் அதனைக் கற்றல் வேண்டுமென்பதில் ஐயமில்லை. எதன்பொருட்டு, எவ்வாறு என்பதே வினா.

திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் திறத்தை அயல்நாட்டார்க்கு நான்கு வரியில் எழுதவல்ல மாணாக்கர் நம்மிடை எத்துணையர்? மேனாட்டு மலர்ப் பாட்டைத் தடையின்றி ஒப்பிப்போர், நிலக்கோட்டை மல்லிகையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல நாவெழாது நிற்கின்றனர். பூச்சிமருந்துப் புட்டியின் எச்சரிக்கையைப் படித்துத் தந்தைக்குத் தமிழில் விளக்கவியலாத ஆங்கிலத்தால் உழவர் வீட்டிற்குப் பயன் யாது? தமிழில் தெளிந்த பொருளையன்றோ பிறமொழியில் உரைத்தல் கூடும்!

ஆதலின், சனிக்கிழமை மாலைதோறும் இம்மண்டபத்தில் ஒரு வகுப்பு நிகழ்தல் வேண்டும். விலைச்சீட்டும், வங்கிக் கடிதமும், மருந்துக் குறிப்புமே பாடமாகுக. தமிழ்ப் பகுதிக்கு யாம் ஊதியமின்றி வருவோம். ஆங்கிலம் வல்ல நம் இளைஞர் துணை நிற்க. பெண்மக்களையும் தவறாது அனுப்புக.